ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வைத்த அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஊர்ப்பட்ட குழப்பத்தைப் பண்ணிவிட்டு பஸ் ஏறினவர்களுக்கு என்ன குறை? நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். கடைசி வரை படி.

விடுமுறைக்கு வந்தவள் சும்மா இருந்தாயா? முன்னறையில் நான் பாட்டுக்கு ஒரு பேன்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "நீ கிழிஞ்சதை மட்டும் பாக்கறடி. மேலோட்டமா மாத்துனா போதாது, அமைப்பையே ஆழமா மாத்தணும்" என்றாய். அக்கா, அது ஜிப். பேன்டைக் கொடுத்த மனுஷன் அதைப் போட்டுக்கொண்டு மறுநாள் இன்டர்வியூவுக்குப் போகணும்.

அப்புறம் உன் ஆராய்ச்சி என்று சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டி, துணி, தண்ணீர், குப்பை, ஆலை என்று வட்டம் வட்டமாகப் போட்டு அம்புக்குறியால் இணைத்தாய். ஊசி பிடிக்கத் தெரியாததால்தான் ஜனங்கள் துணியைத் தூக்கிப் போடுகிறார்களாம், என் வாடிக்கைக்காரர்களுக்கே தையல் சொல்லிக்கொடுத்தால் எல்லாம் மாறிவிடுமாம். "யாரு சொல்லிக்கொடுக்கறது?" என்று அம்மா கேட்டாள். நீ என்னைக் காட்டினாய். எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதானே நான் பள்ளிக்கூடத்தையே விட்டேன்! அப்பா வேறு, "படிச்ச பொண்ணு சொல்லுது, செய்யேன்மா" என்றார்.

வாடிக்கைக்காரர்கள் முன்னறை நிறைய வந்து உட்கார்ந்தார்கள். நான் தரையைப் பார்த்தே பேசினேன். பாடம் தரையில்தான் இருக்கிறது என்று நினைத்து எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். "சத்தமா சொல்லு பாப்பா" என்றார் மருந்துக்கடை அம்மா. சத்தம் வந்தால்தானே? ஊசியைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். நீ மூலையில் உட்கார்ந்து வீடியோ எடுத்தாய். ஊருக்குக் கிளம்பும்போது கட்டிப்பிடித்து, "பாத்தியா, மாற்றம் வந்துடுச்சு!" என்றாய்.

வந்துதான் விட்டது. இப்போது என் கதவை ஒருத்தரும் தட்டுவதில்லை. மருந்துக்கடை அம்மா தெருவில் பார்த்து, "உன் புண்ணியத்துல நானே தைச்சுக்கறேன் பாப்பா!" என்கிறார். மெஷின் மேல் அம்மா துவைத்த துணியை அடுக்குகிறாள். அப்பா, "குப்பை குறைஞ்சிருக்குல்ல, விடு" என்கிறார். குறைந்த குப்பையை வைத்து நான் என்ன பண்ண? இந்த வீட்டில் நீங்கள் எல்லாரும் பேசியே பெரிய ஆள் ஆனவர்கள். எனக்கென்று இருந்தது அந்த மெஷின் சத்தம் ஒன்றுதான். உன் ஆராய்ச்சி ஜெயிச்சிடுச்சு, நான் காலி.

உடனே கிளம்பி வா. வீடு வீடாகப் போய், கற்றுக்கொண்டதை மறந்துவிடச் சொல். அதுவரை என்னோடு பேசாதே. போன் பண்ணினால் எடுக்க மாட்டேன்.

கோபம் கோபம்தான், ஆனாலும் நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு தூங்காதே.

உன் தங்கை

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் கதவைத் தட்டினார்கள். மருந்துக்கடை அம்மா கைப்பைக்குள் சாவியை வைத்தபடியே பையின் வாயைத் தைத்துவிட்டாராம். பேங்க் மேனேஜர் பேன்டின் இரண்டு காலையும் ஒன்றாகத் தைத்திருக்கிறார். வேன் டிரைவர் போட்டிருந்த சட்டையைப் போட்டிருந்த பேன்டோடு சேர்த்தே தைத்துக்கொண்டு, "யாருகிட்டயும் சொல்லிடாத பாப்பா" என்று குனிந்தபடியே நிற்கிறார். அவருக்குப் பின்னால் வாசல் வரைக்கும் ஆள். பிரிக்க ஒரு கூலி, தைக்க ஒரு கூலி என்று நானே வாய் திறந்து சொல்லிவிட்டேன். நீ இப்போது வர வேண்டாம். அடுத்த விடுமுறைக்கு வா, பக்கத்துத் தெருவையும் ஆழமாக மாற்றிவிட்டுப் போ.