தொப்பைக்கு ரிசர்வ் என்று பேர் வைத்தவன்

பெரம்பலூரிலேயே தன் தொப்பையைத் தடவித் தடவிப் பெருமைப்பட்ட மனிதன் ஒருவன்தான். போட்டோ எடுக்கும்போது ஊரே மூச்சை உள்ளே இழுக்கும். எங்கள் தெரு பைக் மெக்கானிக் மட்டும் மூச்சை வெளியே விட்டு, இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பான். பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கும். தெருவுக்கு அவன் 'ரிசர்வ்'.

அந்தப் பேருக்கு வித்து விழுந்தது கவர்மென்ட் ஆஸ்பத்திரியில். ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸம்மா, "ஐயா, உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்திங்க" என்றாள்.

இவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் என்னம்மா உன்னைய எதுத்துப் பேசிட்டேன்?"

பின்னால் நின்ற அவன் பெண்டாட்டி செல்வி சிரித்துவிட்டாள். "கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து நான் சொல்றேன். இப்பதான் டெஸ்ட்டுல வந்துருக்கு."

நர்ஸம்மா பொறுமைசாலி. படம் போட்ட அட்டையைக் காட்டிப் பாடமே எடுத்தாள். சோறு, இட்லியில் இருப்பது மாவுச்சத்து; சர்க்கரையாகி ரத்தத்தில் கலந்து, ஓடியாடுவதற்குச் சட்டென்று தெம்பு தரும். பருப்பு, முட்டை, மீனில் இருப்பது புரதம். தேய்ந்த உடம்பைப் பழுது பார்க்கும், சதை கட்டும். எண்ணெய், நெய்யில் இருப்பது கொழுப்பு. அது போதாதென்று, தின்று மிஞ்சிய சோறும் கொழுப்பாகித்தான் உடம்பில் தங்கும், இல்லாத காலத்துக்கு உதவும். அதனால் ஐயா குறைத்துச் சாப்பிட வேண்டும்.

குறைக்கச் சொன்னது மட்டும் இவன் காதில் விழவில்லை. நேரே என் வாசலில் வந்து வண்டியை நிறுத்தினான்.

"அக்கா, சோறு பெட்ரோலு. பருப்பு ஸ்பேர் பார்ட்ஸு. கொழுப்பு இருக்கு பாருங்க, அது ரிசர்வ் டேங்க்!" தொப்பையில் தட்டிக் காட்டினான். "ஃபுல்லு!"

அன்றிலிருந்து அவன் பேரே ரிசர்வ், தெருவே அவனுக்கு ஒர்க்‌ஷாப். முழங்கால் வலிக்கிறது என்று நான் முனகினால், "பார்ட்ஸ் தேஞ்சு போச்சுக்கா, டெய்லி ஒரு முட்டை மாட்டுங்க" என்பான். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர் சாதத்தை மலையாகக் குவித்துக்கொண்டார். "மாமா, பெட்ரோலாவே ஊத்துறீங்களே, செயினு அறுந்தா என்ன பண்ணுவீங்க? பருப்ப அள்ளிப் போடுங்க!" மாமா பாயசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் இலையை மூடிவிட்டுப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவன் வாயை அடக்கியது அவன் மகள். ஒரே பெண், அரியலூரில் கட்டிக்கொடுத்திருந்தான். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து முழுகாமல் இருந்தாள். சந்தோஷப்படுவதற்குள் வாந்தி பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தால் தண்ணீரே திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்தப் பெண்ணோ எப்போதுமே முருங்கைக்காய்க்குப் பாவாடை கட்டிய மாதிரி இருப்பாள். "சாப்பாடு தங்கலன்னா தாய் உடம்புல இருக்குறதத்தான் கரைச்சு ஓட்டணும். இவங்ககிட்ட இருப்பே இல்லியே" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ரிசர்வ் தன் கடையில் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான்.

சமயபுரத்தாளுக்கு நேர்ந்துகொண்டான். பெரம்பலூரிலிருந்து நடந்தே வருகிறேன், எந்த வண்டியிலும் கால் வைக்க மாட்டேன், தாயும் பிள்ளையும் பிழைக்க வேண்டும்.

சித்திரைத் தேருக்கு மஞ்சள் துணி கட்டி, அவன், செல்வி, நான், தெருக்காரர்கள் என்று விடியற்காலையில் கிளம்பினோம். வழி நெடுகப் பந்தல். பொங்கல், தக்காளி சாதம், பானகம், நீர்மோர். நான் ஒரு பந்தலையும் விடவில்லை, அம்மன் கோபித்துக்கொள்வாள். இவன் மட்டும் எதையும் தொடவில்லை.

"ஒரு வாய் தின்னுடா."

"வேணாங்க்கா. இன்னைக்கு ரிசர்வ்லயே சமயபுரம்."

சிறுவாச்சூர் வரை அவன் குரல்தான் கூட்டத்தில் பெரிது. வெயில் ஏற ஏறக் குரல் இறங்கியது. பாடாலூரை நெருங்கும்போது வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. ஒரு மோர்ப் பந்தலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

பந்தல்காரர் ஓடி வந்தார். "ஐயா, ஆட்டோவுல ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"வேணாம்! நான் ஏறுனா எம்பொண்ணு..." பந்தல் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

செல்வி அழ ஆரம்பித்தாள். எனக்குப் பயம் வந்தால் வாய் நீளும். "எங்கடா உன் ரிசர்வு? ஓட்ட விழுந்துடுச்சா?"

"இருக்குக்கா. சொட்டுச் சொட்டாத்தான் எறங்குது. சோத்தோட வேகம் இதுக்கு வரல."

"அப்ப சோத்தத் தின்ன வேண்டியதுதானடா! வீராப்பு என்னாத்துக்கு?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தொப்பையைப் பார்த்துப் பேசினான். "வீராப்பு இல்லக்கா. ஒரு வாய் தங்காம அந்தப் புள்ள அங்க கெடக்கு, எனக்கு எப்புடி எறங்கும்? ஒரு வண்டில தீந்துட்டா இன்னொரு வண்டிலேர்ந்து ட்யூப் போட்டு உறிஞ்சி ஊத்துறவன் நான். இங்க இவ்வளவு வச்சிருக்கேன். அதுக்கு ஒரு சொட்டு ஊத்த முடியலியே."

நான் முந்தானையை எடுத்து அவனுக்கு விசிறிவிட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

செல்வியின் பையில் போன் அடித்தது. அரியலூரிலிருந்து மகளேதான். செல்வி ஸ்பீக்கரில் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

"அப்பா, அத்தை ஆஸ்பத்திரிக்கு நீராகாரம் கொண்டாந்தாங்கப்பா. சின்ன வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். காலையில குடிச்சது, இன்னும் வெளிய வரல. இப்பப் பசிக்கிற மாதிரி இருக்குப்பா."

"சாப்புடு சாமி. நல்லா சாப்புடு." போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பந்தல்காரரைப் பார்த்தான். "அண்ணே, பானகம் இருக்கா?"

மடக் மடக்கென்று குடித்தான். கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் நின்றது. பிறகு தயிர்சாதம் வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. பந்தல்காரர் கும்பிட்டார். "ஐயா, பின்னால வர்றவங்களுக்கும் வேணும்ங்க." செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். நான் என் பங்குச் சுண்டலையும் அவன் தட்டில் கொட்டினேன்.

சாப்பிட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, சமயபுரம் வரை நடந்தே வந்தான். அந்தச் சுண்டலை மெல்லும்போது அவன் கன்னத்தில் வழிந்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள். பாடாலூர் வெயில் அப்படி, வேர்வை என்றுதான் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன்.