மாப்பிள்ளை வீட்டார் தொடாத காப்பி

தலத்தெரு,
காரைக்கால்.

மதிப்பிற்குரிய மச்சான் ராஜ்மோகன் அவர்களுக்கு,

உத்திராபதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சொர்ணாம்பாளும் தமிழ்மொழியும் சுகம். உங்கள் தங்கை என்னோடு பேசி எட்டு நாளாகிறது, அது ஒன்றுதான் குறை. ஓசூரில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதற்கான நியாயம் உங்களிடம் இருப்பதால் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. தமிழ்மொழியின் கல்யாணம் நிற்கவில்லை. நீங்கள் பார்த்துக் கொடுத்த அதே நெரவி மாப்பிள்ளை கதிரவன்தான். போன வாரம் உங்களைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக் காப்பியாலதான் என் பொண்ணு வாழ்க்கை போச்சு" என்று கத்தினேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கொம்யூன் பஞ்சாயத்தில் முப்பத்தொரு வருஷம் கிளார்க்காக இருந்தவன், அனுப்பிய எதையும் திரும்பப் பெற்றதில்லை. இதுதான் முதல் தடவை.

நடந்தது இதுதான். பெண் பார்க்க வந்த அன்று, பேசட்டும் என்று இருவரையும் மாடிக்கு அனுப்பினோம். நான் ஒட்டுக் கேட்கவில்லை. கொடியில் காய்ந்த துண்டை எடுக்கப் போனேன், மடிக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். "காப்பி லெஃப்ட் விஷயத்துல நான் விட்டுக்கொடுக்க மாட்டேங்க" என்கிறாள் நம் பெண். "காப்பி லெஃப்ட்னா எங்க கம்பெனில ஒருத்தரும் தொட மாட்டாங்க, புரிஞ்சுக்குங்க" என்கிறார் அவர். "தொடாட்டிப் போறாங்க. ஒரு வாரம் யோசிச்சுச் சொல்லுங்க" என்று இவள் பேச்சை முடித்துவிட்டாள். கீழே வந்து பார்த்தால் ஏழு டம்ளர் காப்பியும் ஆடை படிந்து அப்படியே இருக்கிறது. கம்பெனி என்றால் கூட வந்த கூட்டம் என்றுதானே மச்சான் எவனும் நினைப்பான்? அம்மா போட்ட காப்பிக்காக மகள் மல்லுக்கு நின்று சம்பந்தத்தையே கெடுத்துக்கொண்டாள் என்று முடிவு கட்டினேன். அவர்களும் "கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள்தான், ஆறு நாளாகப் பேச்சு மூச்சில்லை.

சும்மா இருக்க முடியுமா? சொர்ணாம்பாளைக் கேட்டேன், சிக்கரி எவ்வளவு போட்டாய் என்று. அவள் ஃபில்டரைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டு, "இனிமே உங்க காப்பிய நீங்களே போட்டுக்குங்க" என்றதுதான் கடைசிப் பேச்சு. அந்தக் கோபத்தில்தான் உங்களுக்குப் போன் போட்டு உங்கள் அம்மா வரைக்கும் இழுத்தேன், புத்தி கெட்ட வேலை. ஏழாம் நாள் காலையில் புதுப் பொடி வாங்கி, கறந்த பால் வாங்கி, நானே காப்பி போட்டு, ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு நெரவிக்கு பஸ் ஏறினேன். மூடி சரியாகத் திருகவில்லை. பாதி காப்பி வேட்டியில்.

வாசலிலேயே மாப்பிள்ளை நின்றார். "மாப்ளே, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. இதுல லெஃப்ட் கிஃப்ட்னு மிச்சம் மீதி ஒண்ணும் கிடையாது, காலையில போட்டது" என்றேன். கொஞ்ச நேரம் என்னையும் வேட்டியையும் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, அது குடிக்கிற காப்பி இல்ல, நகல் எடுக்கிற காப்பி."

விஷயம் என்னவென்றால், அணையில் விட்ட தண்ணீர் நம் கடைமடை வாய்க்காலுக்கு எப்போது வந்து சேரும் என்று போனில் சொல்ல நம் பெண் ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் மாற்றியதை அதே நிபந்தனையோடு ஊருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எவனும் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது, சுதந்திரம் என்றால் அதுதான் என்கிறாள். அந்த நிபந்தனைக்குப் பெயர்தான் காப்பி லெஃப்ட்டாம். "சும்மா திறந்து வெச்சாப் போதும், நிபந்தனை வேணாம்னு நான் சொன்னேன் மாமா. எங்க கம்பெனி ஆளுங்க நாலு பேர் கை வெச்சா நடவுக்குள்ள முடிச்சுடலாம். நிபந்தனைன்னா கம்பெனி வக்கீல் விட மாட்டார்."

"அப்ப கல்யாணம்?" என்றேன்.

"அத யாரு வேணாம்னா? வக்கீல்கிட்ட பேசத்தான் ஒரு வாரம். கணக்குப் போடுற பகுதிக்கு உங்க பொண்ணோட நிபந்தனை, போன்ல காட்டுற பகுதிக்கு நான் சொன்னது. இன்னிக்குத்தான் கம்பெனில ஒத்துக்கிட்டாங்க. அன்னிக்கே உங்க பொண்ணு விட்டுக்கொடுத்திருந்தா நான்தான் இந்தக் கல்யாணத்த யோசிச்சிருப்பேன்."

வழியில் ஆளுக்கு இரண்டு இளநீர் குடித்துவிட்டு வந்ததால்தான் அன்று யாரும் டம்ளரைத் தொடவில்லையாம். நான் அழுதுவிட்டேன் மச்சான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மாப்பிள்ளை மிச்சக் காப்பியைக் குடித்தார்.

ஆவணியில் முகூர்த்தம். தாய்மாமன் மாலை போடாமல் அவள் மணவறைக்கு எப்படி வருவாள்? என் வாயை மன்னித்து உடனே ரயில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். உங்கள் தங்கையிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கடைக் காப்பி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
மனப்பாரம் இறங்கிய
உத்திராபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது இதைச் சேர்க்கிறேன். பக்கத்து அறையில் தமிழ்மொழி மாப்பிள்ளையோடு போனில், "மேல 'கட்டற்ற'ன்னுதான் போடணும், 'திறந்த'ன்னு போட்டா எவனாவது பூட்டி வெச்சுக்குவான், ஒத்துக்க மாட்டேன்" என்கிறாள். அவரும் சரி என்றுவிட்டார் போலிருக்கிறது, இவள் சிரிக்கிறாள். கல்யாணப் பத்திரிகையைப் பற்றித்தான் பேச்சு, வேறென்ன. தாலி கட்டு இல்லாமல் ஒரு கல்யாணம், அதை மேலேயே அச்சடித்து ஊருக்குச் சொல்வது வேறா? டிக்கெட் எடுக்க வேண்டாம், எடுத்திருந்தால் ரத்து செய்யவும். நான் ஒரு மஞ்சள் கயிறு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நெரவிக்குப் போகிறேன்.