மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரு முள்ளம்பன்றியும்

ஒரு காட்டில் நோயைவிட ஆஸ்பத்திரி பெரிதாக இருந்தது. அதன் முதலாளி சிங்கம். இரையைத் துரத்தி ஓடுவதைவிட, இரை தானாக நடந்துவந்து டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காருவது சௌகரியம் என்று அது கண்டுகொண்டிருந்தது.

சிங்கம் ஆஸ்பத்திரியைக் கம்ப்யூட்டர்மயமாக்கியது. வரவேற்புக்கு ஒன்றை மச்சானிடம் வாங்கியது. வார்டுக்கு ஒன்றை வெளிநாட்டுக் கண்காட்சியில் வாங்கியது. மருந்துக்கடைக்கு ஒன்றை யாரோ தள்ளுபடியில் தலையில் கட்டினார்கள். மூன்றும் ஒன்றோடொன்று பேசவில்லை. பேசவைக்க நான்காவதாக ஒன்று வேண்டும் என்றார்கள். அதன் விலையைக் கேட்ட சிங்கம் கர்ஜிக்க மறந்து உட்கார்ந்துவிட்டது. வாங்கிய மூன்றின் செலவை ஈடுகட்ட நர்ஸுகளில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. சங்கம் வைக்கலாம் என்று சொன்ன கழுதைதான் முதலில் போனது. மற்றவர்கள் வாசல்வரை வந்து வழியனுப்பிவைத்தார்கள். அவ்வளவுதான் அந்தக் காட்டின் போராட்டம்.

மிஞ்சியவர்களில் ஒருத்தி நாரை பூங்காவனம். கூட்டில் நான்கு குஞ்சுகள். அவற்றின் அலகுகள் எப்போதும் திறந்தே இருக்கும்.

ஒரு நாள் காலையில் முள்ளம்பன்றி சடையாண்டி வந்து சேர்ந்தார். வேலிக் கம்பி கிழித்த கால், சீழ் வைத்துக் காய்ச்சலாகியிருந்தது. வரவேற்பில் அவர் முதலில் சொன்னதே இதுதான்: "பென்சிலின் எனக்கு ஆகாது. போன தடவை போட்டப்ப மூச்சே நின்னுபோச்சு." வரவேற்புக் கம்ப்யூட்டர் அதைப் பத்திரமாகப் பதிந்துகொண்டது. யாருக்கும் சொல்லவில்லை.

வார்டில் பூங்காவனத்தின் திரையில் இப்படி வந்தது: 'ஒவ்வாமை: எதுவுமில்லை. பென்சிலின் ஊசி, பதினோரு மணி.'

"என்னம்மா, ஊசியோட நிக்கிற? என் உடம்புல இல்லாத ஊசியா?" என்றார் சடையாண்டி.

"இது பென்சிலின், அண்ணே."

அவர் முட்கள் அத்தனையும் எழுந்து நின்றன.

பூங்காவனம் கரடி டாக்டரிடம் ஓடினாள். அவர் நல்லவர். அப்போதே வேறு மருந்து எழுதினார். மருந்துக்கடைக் கம்ப்யூட்டர் அதைத் தர மறுத்தது. முதல் ஊசி போட்டதாகப் பதிவானால்தான் அடுத்த மருந்து வெளியே வருமாம்.

அவள் மேலாளர் நரியிடம் போனாள்.

"ஒரு வார்த்தை சொல்லி மாத்திடலாமே, சார்."

"மாத்தலாமே. மூணு கம்பெனிக்கும் கடிதம் போடணும். பத்து நாள்ல ஆள் வருவான்."

"பத்து நாள்ல அவரு இருக்கணுமே."

"அது மருத்துவ விஷயம். அதுல நான் தலையிட மாட்டேன்," என்றது நரி.

பூங்காவனம் வார்டுக்குத் திரும்பினாள். சடையாண்டியின் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. அவள் ஊசி மருந்தைக் கை கழுவும் தொட்டியில் பீய்ச்சினாள். பிறகு திரையில் 'போடப்பட்டது' என்ற பொத்தானை அலகால் அழுத்தினாள். அடுத்த நொடி மருந்துக்கடை மாற்று மருந்தைக் கொடுத்தது. சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் சடையாண்டி எழுந்து நடந்தார்.

அன்று நரி ஊழியர்களைக் கூட்டி லட்டு கொடுத்தது.

"சடையாண்டிக்குப் பென்சிலின் ஆகாதுன்னு வரவேற்புல பதிஞ்சிருக்கு. வார்டுல பென்சிலின் போட்டிருக்கு, ஒண்ணும் ஆகல. அப்ப வரவேற்புல இருக்கறது தப்பு. அழிச்சாச்சு. இப்போ மூணு கம்ப்யூட்டரும் ஒண்ணையே சொல்லுது. நாலாவது வாங்காமலே ஒருங்கிணைப்பு முடிஞ்சுது. முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம்."

பூங்காவனம் அலகைத் திறந்தாள்.

"என்ன, பூங்காவனம்?" என்றது நரி. "பொய்ப் பதிவு போட்டா அன்னைக்கே வீட்டுக்குன்னு விதி இருக்கே, அதப் பத்திக் கேக்கறியா?"

"இல்ல சார். லட்டு நல்லாருக்கு."

மறுநாள் அவளே சடையாண்டியை வாசல்வரை கூட்டிப்போனாள். காவலுக்கு நின்ற ஓநாய் காதில் விழாத தூரம் வந்ததும் மெல்லச் சொன்னாள்:

"அண்ணே, இனிமே உடம்புக்கு முடியலன்னா இங்க வராதீங்க."

"ஏம்மா அப்படிச் சொல்ற? நல்லாத்தானே பாத்துக்கிட்டீங்க?"

"அதனாலதான்."

நீதி: உண்மையைச் சொன்னால் மூன்று கம்ப்யூட்டருக்கும் மூன்று விதமாகக் கேட்கும், பொய் சொன்னால் ஒரே விதமாகக் கேட்கும். ஆகவே நான்காவது கம்ப்யூட்டர் வாங்க மனமில்லாத ஆஸ்பத்திரி, பிள்ளைகுட்டிக்காரியான ஒரு நல்ல நர்ஸை வைத்துக்கொண்டால் போதும். அவளுக்கு வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணமும் கிடையாது.