ஆளுநர் எழுந்தால்தான்

மணி மூன்றேகால். மகளிர் சங்கத் தேநீர் விருந்தில், வெள்ளைச் சீருடையும் தோளில் தங்கக் கயிறுமாக முன்வரிசை நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளுநர், எழுந்திருப்பதாக இல்லை.

ராஜாவின் பிரதிநிதியான ஆளுநர் கிளம்பும் வரை வேறு யாரும் கிளம்பக்கூடாது. ஆளுநர் மாளிகையிலிருந்து வந்த கடிதத்தில் இதை அடிக்கோடிட்டிருந்தார்கள். அவரைக் கிளம்பச் சொல்வது எப்படி என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

வில்கூரா மகளிர் சங்கத் தலைவி நெரிடாவுக்கு நாலு பத்துக்கு ரயில். ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே ரயில்தான். மறுநாள் காலை சிட்னியில் அவள் மகளுக்குப் பிரசவ ஆபரேஷன். பெண்ணுக்குப் புருஷன் இல்லை, தைரியமும் இல்லை. அம்மாதான் வேண்டும்.

"ஏன்டி, நேரமாகுதுன்னு அவருக்கே தெரியாதா?" என்றாள் நெரிடா.

"பதவிக்கு வந்து மூணு வாரந்தானே ஆகுது. உக்கார மட்டும் கத்துக் குடுத்திருப்பாங்க," என்றாள் செயலாளர் கிளெனிஸ்.

புது ஆளுநரின் முகம் ஊரில் யாருக்கும் தெரியாது. நியமனச் செய்தி வந்த அன்று, உள்ளூர்ப் பத்திரிகை வெள்ளத்தில் நின்ற ஒரு மாட்டின் படத்தைப் போட்டிருந்தது.

விருந்து முடிந்தது என்று காட்ட, நெரிடா காலித் தட்டுகளை எடுத்துப் பார்த்தாள். அவர் சமையலறைப் பக்கம் ஏக்கமாகத் திரும்பிப் பார்த்தார்.

"பசி போல," என்று கிளெனிஸ் ஜாமும் க்ரீமும் வைத்து ஆறு ஸ்கோன் ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். மனிதர் மரியாதைக்காக ஆறையும் தின்றார். அதில் கால்மணி நேரம் போயிற்று.

நெரிடா தட்டுகளோடு சமையலறைக்குப் போனாள். அங்கே ஒரு நரைத்த தலை அம்மாள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பின்வாசல் வழியாக வந்தவள். பக்கத்து ஊர்க் கிளை உறுப்பினராக இருக்கும் என்று நெரிடாதான் ஏப்ரனைக் கையில் கொடுத்திருந்தாள்.

"இந்த ஜாடிய எங்க வைக்கட்டும்?"

"ஏங்க, உங்களுக்கே தோணாதா?"

"தோணும். ஆனா நீங்க சொல்லி நான் வைக்கறதுதான் முறை. என் வேலையே அப்படி."

"கவர்மென்ட் ஆபீஸா?"

"கிட்டத்தட்ட."

சொன்னதை மட்டும் செய்கிற ஆள் சங்கத்துக்கு ஒருத்தி வேண்டும் என்று நெரிடா நினைத்துக்கொண்டாள்.

அவரை எழுப்ப அடுத்த உபாயம் ராஜ கீதம். கூட்டம் முடிந்ததற்கு அதைவிட நாகரிகமான அறிகுறி கிடையாது. கிளெனிஸ் பியானோவில் வாசித்தாள். எல்லாரும் எழுந்தார்கள். அவரும் எழுந்து சல்யூட் அடித்தார். கீதம் முடிந்தது. சமையலறையை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். சபையும் உட்கார்ந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. கீதம் முடிந்தால் பேச்சு என்பது பால் பண்ணைக் கிளாரிக்குத் தெரிந்த முறை. அவர் மைக்கைப் பிடித்து, ஊர்ச் சாக்கடையைப் பற்றி ஆரம்பித்தார். 1974லிருந்து ஆரம்பித்தார்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. நெரிடா சமையலறைக்கு ஓடிப்போய் ஒரு துண்டில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"என்னம்மா ஆச்சு?"

"நாலு பத்துக்கு ரயிலு. எம் பொண்ணு ஆஸ்பத்திரில தனியாக் கெடப்பா. அந்த மனுஷன் எந்திரிக்க மாட்டேங்கறாரு."

"நீங்க போகவேண்டியதுதானே?"

"அவரு போகாம நான் எப்படிப் போறது? ராஜாவோட ஆளுங்க அவரு. ஏங்க, இவ்வளவு பாக்கறீங்களே, உங்களுக்குன்னு ஒரு அபிப்பிராயம் கிடையாதா?"

"இருக்கு. வெளிய சொல்லக்கூடாது. யாராவது ஆலோசனை சொன்னா, அதன்படி நடப்பேன்."

நெரிடாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆலோசனைதானே? சொல்றேன், கேட்டுக்கங்க. ஏப்ரனக் கழட்டி வெச்சிட்டு, பேசாம வீட்டுக்குக் கெளம்புங்க."

அந்த அம்மாள் கடைசித் தட்டை அடுக்கினாள். ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு மணியிலருந்து இதை யாராவது சொல்வாங்களான்னுதான் பாத்துட்டிருந்தேன். வாங்க, என் கார் ஸ்டேஷன் வழியாத்தான் போகும். நான் கெளம்பிட்டா, அங்க வெள்ளைச் சீருடையில உக்காந்திருக்கற என் உதவியாளரும் எந்திரிச்சுக்குவாரு."