திருஷ்டிக்கு வந்த ராட்சசி

வாசலில் கட்டிய மூன்றாவது திருஷ்டிப் பூசணிக்காயையும் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

கச்சிராயபாளையம் சாலையில் இளமாறன் கட்டிய மாடி வீட்டுக்கு வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். பத்து வருஷ மரவள்ளி வெள்ளாமை அப்படியே சுவராக நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தால் கண் பட்டுவிடுமே என்று அவனுக்குப் பயம் வரும். பார்க்காமல் போனாலோ கோபம் வரும்.

பூசணிக்காய்க்குப் பதிலாகப் பூதப் படம் மாட்டலாமென்று பேனர் கடைக்கு ஓடினான்.

"எந்த நாட்டு பூதம்ணா வோணும்?" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினான் கடைக்கார ஜீவா. "இது சைனா. நெருப்பு கக்கும்."

"புது வூட்டுல நெருப்பா? வோணாம்."

"இது ஒத்தக் கண்ணு அரக்கன்."

"கண்ணு படக்கூடாதுன்னு வந்தா கண்ணையே காட்டுறியே!"

"அப்போ இதாண்ணா. கிரேக்க நாட்டு ராட்சசி. தலை முடியெல்லாம் பாம்பு. பாத்தவன் கல்லாப் பூடுவான்."

இளமாறனுக்கு மனம் குளிர்ந்தது. எட்டடி ராட்சசி மாடி முகப்பில் ஏறினாள்.

மறுநாள் காலை அவளுக்குக் கீழே ஒரு சொம்பு பாலும் இரண்டு முட்டையும் இருந்தன. பக்கத்துக் கொல்லை இருசம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாகாத்தம்மா, தாயே!"

"அய்யோ, அது ராட்சசிங்க!"

"வாயைக் கழுவு. தல நெறைய நாகம் படமெடுத்துக்கினு இருக்குது, ராட்சசியாம்!"

பேனரைக் கழற்ற ஏணி போட்டான். அதற்குள் சேர்ந்துவிட்ட கூட்டம் ஏணியைப் பிடுங்கிக்கொண்டது. மூடியாவது வைப்போமென்று மாடியிலிருந்து மனைவியின் சிவப்புப் புடவையைத் தொங்கவிட்டான். அது காற்றில் கழுத்துவரை நழுவியதில் பாம்புகள் மட்டும் மேலே தெரிந்தன.

"அம்மனுக்குப் பொடவ சாத்திட்டாங்க!" என்று கத்தினார்கள். சாயங்காலமே பம்பைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மினிபஸ் நின்று கற்பூரம் காட்டிவிட்டுப் புறப்பட்டது.

"கண்ணு படக்கூடாதுன்னீங்க. இப்போ தாலுக்காவே வாசல்ல நிக்குது" என்றாள் மனைவி கோகிலவாணி. புடவை போன கோபமும் அதில் இருந்தது.

கிரகப்பிரவேசத்தன்று சாலையே அடைத்துக்கொண்டது. இத்தனை கண்ணும் வீட்டின்மேல் விழுமே என்று இளமாறன் நடுங்கினான். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கரியாலூரிலிருந்து மலையிறங்கி வந்த ஒரு பெரியவர், பால் சொம்போடு அவன் பக்கத்தில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ப்பா, அம்மாளுக்குப் பின்னாடி நிக்குதே இந்தக் கட்டடம், இத்த இடிச்சிட்டு எப்போ கோயில் கட்டப் போறாங்க?"