குழந்தைசாமி சாருக்கு ஒரு நிமிட மௌனம்

உயிரோடு இருக்கும் ஒரு மனிதருக்கு, அவர் கண் முன்னாலேயே மௌன அஞ்சலி செலுத்துவது எல்லோராலும் முடிகிற காரியமல்ல. அதற்குக் கொஞ்சம் கணினி அறிவும் நிறையத் தன்னம்பிக்கையும் வேண்டும். அப்போது என்னிடம் இரண்டும் இருந்தன. (இப்போது கணினி அறிவு மட்டும்தான் இருக்கிறது. அதையும் வீட்டில் யாரும் நம்புவதில்லை.)

எனக்குக் கல்யாணமான புதிது. சரவணம்பட்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. என் மாமனார் அந்தோணிசாமி, பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுபெற்ற மேனேஜர்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மேனேஜர்கள் ஓய்வு பெற்றபின் சங்கம் வைப்பதில் ஆச்சரியமே இல்லை. சர்வீஸ் முழுக்க மீட்டிங் போட்டுப் பழகியவர்கள் திடீரென்று எப்படி நிறுத்துவார்கள்?

சங்கத்தின் ஆண்டு விழா துடியலூரில் எங்கள் சர்ச் மண்டபத்தில் நடக்கும். நிகழ்ச்சி நிரல் மாறவே மாறாது. முதலில் பிரார்த்தனைப் பாட்டு. அடுத்து, அந்த வருடம் மறைந்த உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி. அதற்கடுத்து, சர்வீஸிலும் ஊர் சேவையிலும் பேர் வாங்கிய சிலருக்குப் பொன்னாடை. கடைசியில் சாப்பாடு. கூட்டம் சாப்பாட்டுக்குத்தான் வருகிறது என்று மாமனாருக்கும் தெரியும் என்பதால்தான் அது கடைசி.

அந்த வருடம் பொன்னாடைக்குத் தேர்வானவர்களில் முக்கியமானவர் பெரியநாயக்கன்பாளையம் குழந்தைசாமி சார். மாமனாருக்கு மேலதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்றபின் தினமும் காலையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் நின்று, அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ரோடு தாண்டி விட்டுக்கொண்டிருந்தார். இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை செய்த யாராவது இறந்துபோனால் அந்த வீட்டுக்குத் தானே போய், இன்சூரன்ஸுக்கு எழுதிக்கொடுத்து, பணம் கைக்கு வரும்வரை பின்னாலேயே அலைவார். இவ்வளவும் செய்கிற மனிதர் ஒருமுறைகூடச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ‘உங்களுக்கு க்ளெய்ம் பாஸ் ஆயிருச்சுங்க’ என்று அவர் சொன்னால், கேட்டவர்கள் அழுதுவிடுவார்களாம். அப்படி ஒரு முகம்.

அவருக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் ரிட்டயர் ஆனால், ஆபீஸே திரண்டு மாலை போட்டு, கார் வைத்து, வீடு வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். வீட்டில் உறவுக்கூட்டம் காத்திருக்கும், விருந்து நடக்கும். குழந்தைசாமி சார் எத்தனையோ பேரை அப்படிக் கொண்டுபோய் விட்டவர். அவர் ரிட்டயர் ஆனது ஊரடங்கு சமயம். கடைசி நாளில் ஆபீஸில் அவரும் வாட்ச்மேனும் மட்டும். தன் மேஜையைத் தானே துடைத்துவிட்டு, ‘வாரேனுங்க’ என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, தனியாக ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாராம். இதை என் மாமனார் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

“அந்த மனுசனுக்கு ஒரு நல்ல வழியனுப்பு நடந்தாகோணுமுங்க மாப்ள. விழா முடிஞ்சதும் நம்ம காருலயே ஊர்கோலமாக் கொண்டுபோய் ஊட்டுல உடறோம். நெம்ப நாளா மனசுல கெடக்குது” என்றார்.

“கவலைப்படாதீங்க மாமா, ஜமாய்ச்சுடலாம்” என்றேன். யார் கேட்டார்கள் என்னை?

வழக்கமாக மறைந்தவர்களின் படங்களைப் பிரேம் போட்டு, பிளாஸ்டிக் மாலை சாத்தி, மேடையில் வரிசையாக வைப்பார்கள். நான்தான் “எதுக்குங்க மாமா இந்தக் காலத்துல? நான் ஸ்லைடு போட்டுத் தரேன், திரையில பெருசாத் தெரியும்” என்றேன். மறைந்தவர்களுக்கு இருபுறமும் மெழுகுவர்த்தி அசைந்து எரியும். பொன்னாடைக்காரர்களுக்குப் பலூன் பறக்கும், நாதஸ்வரம் ஒலிக்கும். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. தனக்கு வந்த படங்களையெல்லாம் மொத்தமாக என் போனுக்குத் தள்ளிவிட்டு, சமையல்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். படங்களில் ஒன்றிலும் பெயர் இல்லை. அவர்களில் ஒருவரையும் நான் அதற்குமுன் நேரில் பார்த்ததும் இல்லை.

ஒரு போன் செய்து ‘யார் யாருங்க மாமா?’ என்று கேட்டிருக்கலாம்தான். ஆனால் புது மாப்பிள்ளைக்கென்று ஒரு கெத்து இருக்கிறதல்லவா? படங்களைப் பார்த்தேன். பாதிப் பேர் கழுத்து வரை பொத்தான் போட்டு, வெறித்த கண்ணோடு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றார்கள். மீதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஊட்டியில் கம்பளித் தொப்பியோடு, ஒருவர் பேத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? வெறித்தவர்களுக்கு மெழுகுவர்த்தி, சிரித்தவர்களுக்குப் பலூன் என்று பிரித்துவிட்டேன்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். பென்ஷன்காரர்கள் வருடா வருடம் தாங்கள் உயிரோடு இருப்பதாக ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். ‘போட்டோ அனுப்புங்க’ என்று மாமனார் கேட்டதும், உயிரோடு இருந்தவர்கள் எல்லாம் அந்த மாதிரி வேலைகளுக்கென்று எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். மறைந்தவர்களுக்கு அவர்கள் வீட்டார் அனுப்பினார்கள். இருப்பதிலேயே நல்லதாக, ஆசையாகப் பார்த்து எடுத்து அனுப்பினார்கள்.

விழா நாள். மண்டபம் நிறைந்திருந்தது. குழந்தைசாமி சாரும் அவர் மனைவி கண்ணம்மாளும் முன் வரிசையில். மாமனார் மைக்கில், “மறைந்த நம் உறுப்பினர்களுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி” என்றார். எல்லோரும் எழுந்து தலைகுனிந்தார்கள். நான் மேடை ஓரத்தில் மடிக்கணினியைத் தட்டினேன்.

திரையில் குழந்தைசாமி சார் வந்தார். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. கீழே ‘கண்ணீர் அஞ்சலி’.

எல்லோரும் தலைகுனிந்திருந்ததால் கொஞ்ச நேரம் யாரும் பார்க்கவில்லை. முதலில் நிமிர்ந்தவர் கண்ணம்மாள்தான்.

“ஏனுங்க! அங்க பாருங்க, உங்க போட்டோங்க!”

அவர் தலையைத் தூக்கினார். தன் படத்தை ஒரு தரம் முழுசாகப் பார்த்தார். பிறகு மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணம்மாள் சட்டைக் கையைப் பிடித்து இழுக்க, “செத்த இரு அம்மணி, நிமிசம் முடியட்டும்” என்று முணுமுணுத்தார். பாதியில் எதையும் நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை. ஒரு மனிதர் தனக்குத் தானே மௌன அஞ்சலி செலுத்தி முடிக்கும்வரை மொத்த மண்டபமும் மூச்சு விடாமல் நின்றது. அதற்குள் எந்தப் புண்ணியவானோ அந்தத் திரையைப் போனில் படம் பிடித்துவிட்டான். (யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதிப் பழி அவனுக்குப் போயிருக்கும்.)

பதறிப்போய்க் கைக்கு வந்த பொத்தானை அழுத்தினேன். ஸ்லைடு வரிசையில் பாதியைத் தாண்டிக் குதித்தது. ஊட்டித் தொப்பிக்காரர் வந்தார். பலூன்கள் பறந்தன. நாதஸ்வரம் முழங்கியது. ‘பல்லாண்டு வாழ்க!’

அந்தத் தொப்பிக்காரரின் மனைவியும் முன் வரிசையில்தான் இருந்தார். கணவருக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள் என்று தனியாக பஸ் ஏறி வந்தவர். பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது. “ஒரு நிமிசம் நானும் நம்பிப்போட்டேனுங்க.”

எதைச் சிரித்துச் சொன்னாலும் இதை மட்டும் என்னால் சிரித்துச் சொல்ல முடிவதில்லை.

மாமனார் வியர்த்து வழிய என்னிடம் வந்தார். “எப்படி மாப்ள பிரிச்சீங்க?”

“மூஞ்சியப் பார்த்துத்தானுங்க மாமா.”

கையில் இருந்த மைக்கை அவர் அணைக்கவில்லை. மண்டபம் முழுவதும் கேட்டது.

குழந்தைசாமி சார் எழுந்து மேடைக்கு வந்தார். அடிப்பாரோ என்று நான் ஒரு அடி நகர்ந்தேன். அவர் மாமனாரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

“என்ர சர்வீஸ்ல எத்தனையோ டெத் க்ளெய்ம் பார்த்திருக்கறனுங்க. சர்டிபிகேட் இல்லாம ஒன்னக்கூடப் பாஸ் பண்ணுனதில்லீங்க. அதனால இந்த க்ளெய்மயும் ரிஜெக்ட் பண்றனுங்க. போன வாரந்தான் ஆயுள் சான்று குடுத்துப்போட்டு வந்தேன்.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “ஏனுங் மாப்ள, அந்தத் தொப்பி போட்ட படத்தத் திருப்பிப் போடுங்க. பலூன மட்டும் எடுத்துப்போடுங்க” என்றார். போட்டேன். எல்லோரும் மறுபடி எழுந்து நின்றார்கள். பலூன் இல்லாமல் அந்தத் தொப்பிக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அழுது முடிக்கும்வரை யாரும் உட்காரவில்லை.

பிறகு பொன்னாடை. போட்டோவுக்கு நிற்கும்போது கண்ணம்மாள் கணவர் காதில் சொல்வதாக நினைத்து ஊருக்கே கேட்கச் சொன்னார்: “இப்பவாச்சும் சிரிங்க. இல்லீன்னா மறுபடியும் அந்தப் பக்கம் தள்ளிப்போடுவாரு.”

குழந்தைசாமி சார் சிரித்துவிட்டார். பல் எல்லாம் தெரிய, தோள் குலுங்க. அந்த நொடியைப் போனில் பிடித்தது நான். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை.

சோதனை அதோடு முடியவில்லை. மாலையும் பொன்னாடையுமாக அவரைக் காரில் ஏற்றி, பின்னால் வரிசையாக வண்டிகளோடு பெரியநாயக்கன்பாளையம் போனோம். அவர் வீட்டு வீதியில் திரும்பினால், வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. மெழுகுவர்த்திப் படம் போன் போனாக எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. அன்னூர், காரமடை என்று உறவுக்காரர்கள் ரோஜா மாலையோடு நின்றிருந்தார்கள். மண்டபச் சத்தத்தில் யார் போனையும் யாரும் எடுத்திருக்கவில்லை. ஒரு அம்மா அழுகையை ஆரம்பித்தே விட்டார். காரில் இருந்து மாலையோடு செத்தவரே இறங்கியதும் அது பாதியில் நின்றது.

அவர் கூட்டத்தை நிதானமாகப் பார்த்தார். ரிட்டயர்மென்டுக்கு வர முடியாமல் போனவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

“வந்ததே வந்துபோட்டீங்க. சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்” என்றார். மண்டபத்தில் மீந்திருந்த சாப்பாடு வந்தது. கொண்டுவந்த மாலைகளையெல்லாம் அவருக்கே போட்டார்கள். பந்தல் போட்டவர்கள் பந்தியிலும் பரிமாறினார்கள். கிளம்பும்போது அவர் என் தோளைத் தட்டி, “கூட்டம் நல்லாச் சேத்திப்போட்டீங்க மாப்ள” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்காவது போட்டோ எடுக்கும்போது ‘சிரிங்க’ என்று சொல்வதில்லை. ‘மாப்ள எந்தப் பக்கம் போடறாருன்னு பார்த்துக்கங்க’ என்பார்கள். குழந்தைசாமி சாரும் சங்கத்துக்கு வரும்போதெல்லாம் என் மாமனாரிடம், “நான் இன்னிக்கு எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு காலையில் பள்ளிப் பிள்ளைகளை ரோடு தாண்டி விட்டு வந்தவர், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

மாமனார் அழுதுகொண்டே சங்கத்துக் குழுவில் செய்தி போட்டார். நல்ல படமாக அவரிடம் இருந்தது ஒன்றுதான், நான் எடுத்த அந்தச் சிரிப்புப் படம். அதையும் சேர்த்துப் போட்டார். உடனே பதில்கள் வந்தன, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ‘மாப்ள மறுபடியுமா?’ என்று ஒருவர். ‘சாருக்கு என்னோட மௌனத்தையும் சொல்லுங்க, சாயங்காலம் வாரேன்’ என்று இன்னொருவர். உறவுக்காரர்களும் அப்படித்தான். ஏமாந்து மாலை வாங்கியவர்கள் இரண்டாம் முறை ஏமாறத் தயாராக இல்லை.

நான் அவர் வீட்டு வாசல் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதுமே சிரித்தார்கள். “இல்லீங்க, இந்தத் தடவை நெசமாத்தானுங்க” என்று சொல்லச் சொல்ல, இன்னும் சிரித்தார்கள். நான் அழுதபிறகுதான் நம்பினார்கள். பலர் அதற்குப்பின் கிளம்பி வந்து சேர்வதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். விழா நாளில் ஏமாந்து வந்த கூட்டத்தில் பாதிகூட இல்லை. எத்தனையோ பேரை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டவர், இரண்டாம் முறையும் தனியாகத்தான் கிளம்பினார். அதற்குக் காரணம் நான்.

எல்லாம் முடிந்து, மாலை போட்ட அந்தப் படத்துக்கு முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். கண்ணம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அழுகாதீங்க கண்ணு. அவரு சிரிக்கறாரு பாருங்க. இப்பச் சரியான பக்கத்துலதான் இருக்கறாருங்க.”