முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்

சொன்ன வேலையைச் செய்யாமல் திட்டு வாங்குகிறவர்கள் ஒரு ரகம். சொன்னதற்கு மேல் செய்து திட்டு வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்துக்குப் போட்டி வைத்தால் எங்கள் மாவட்டத்தில் முதல் பரிசு எனக்குத்தான்.

அப்போது விருதுநகரில் ஒரு கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நூலகத்தில் ‘புத்தக வங்கி’ என்று ஒரு வசதி உண்டு. ஒரு பருவத்துக்கு வேண்டிய ஐந்து பாடப் புத்தகங்களையும் ஒரே கட்டாகக் கொடுத்துவிடுவார்கள். பரீட்சை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும். வேதியியலுக்கு மொத்தமே பத்துக் கட்டுகள். முந்தின பருவத்தில் நான் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கப் பதினோரு நாள் தாமதமாகிவிட்டது. (காரணம் கேட்காதீர்கள். சுத்தச் சோம்பேறித்தனம்.) நூலகர் எஸ்தர் மேடம் பட்டியலில் செல்வி என்ற என் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

எனக்கு அந்தக் கட்டு இல்லாமல் முடியாது. ஏற்கெனவே ஒரு அரியர் கையில் இருந்தது. இன்னொன்று விழுந்தால் படித்தது போதும் என்று அம்மா என் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை மேடம் முன்னால் போய் நின்றேன். பெயரைச் சேர்க்காமல் நகர்வதில்லை என்ற முடிவோடு.

“மேடம், என்ன வேலைன்னாலும் குடுங்க, செய்றேன். எம் பேரை மட்டும் திரும்பச் சேத்துக்கிடுங்க மேடம்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “திங்கக்கிழமை காலேஜைப் பாக்க வெளியூர்ல இருந்து ஒரு குழு வருது. அந்த மேசையில நாப்பது புத்தகம் அட்டை கிழிஞ்சு கிடக்கு. நாளைக்கு நான் பாளையங்கோட்டையில ஒரு கல்யாணத்துக்குப் போறேன். நீ வந்து அதுக்கெல்லாம் அட்டை போட்டு வையி. ஒழுங்கா இருந்தா உம் பேரைப் பத்தி யோசிப்போம்.”

அட்டை போடுவதா! எங்கள் பக்கத்தில் இது பிறவியிலேயே வருவது. என் அப்பா ஆமத்தூரிலிருந்து தினமும் சிவகாசிக்குப் போய் ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தார். எங்கள் ஊரில் யாரும் பிள்ளைகளின் நோட்டுக்குக் காசு கொடுத்துக் காக்கி அட்டை வாங்கியதில்லை. அச்சகத்தில் கழித்துப் போட்ட ஷீட்டில்தான் எல்லாருக்கும் அட்டை. காலண்டர் சாமிகள் பாதி முகத்தோடு என் கணக்கு நோட்டைக் காத்து நின்ற காலம் உண்டு.

சனிக்கிழமை காலையில் அப்பா வண்டியில் ஒரு பெரிய கட்டு ஷீட்டும் ஒரு வாளி பைண்டிங் பசையும் நூலக வாசலில் கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள். கலர் தள்ளிப்போனதால் கழித்தவை. மத்தாப்பு பிடித்த குழந்தைக்கு இரண்டு மூக்கு. புஸ்வாணம் ஒரு பக்கம், அதன் பொறி ஒரு பக்கம்.

“மடிச்சு மட்டும் விடாத, பசை வச்சு ஒட்டு. பத்து வருசத்துக்கு அசையாது,” என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போனார்.

பதினொரு மணிக்கெல்லாம் நாற்பதும் முடிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை வந்திருக்காது. ஆனால் அந்த நாற்பதையும் அலமாரியில் வைத்துப் பார்த்தபோது அவை மட்டும் மினுங்கின, பக்கத்தில் இருந்தவை அழுது வடிந்தன. ஷீட்டும் மிச்சம், பசையும் மிச்சம். மேடத்தை அசத்திவிட இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று தோன்றியது. வேதியியல் அலமாரி முழுவதையும் கீழே இறக்கினேன். புத்தக வங்கிக் கட்டுகளையும் பிரித்தேன்.

நூலக உதவியாளர் குருசாமி அண்ணன் மதியம் எட்டிப் பார்த்தார். “எம்மா, எம்புட்டும்மா போடப் போற?”

“எல்லாத்துக்கும்ண்ணே.”

“நல்லாத்தான் இருக்கு. தீவாளி மாதிரி இருக்கு,” என்று சொல்லிவிட்டு மின்விசிறியைத் துடைக்கப் போய்விட்டார்.

மாலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். கை முழுக்கப் பசை, மனம் முழுக்கப் பெருமை. புத்தக முதுகில் எண் எழுதுவதைத் திங்கள் காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். (எந்தப் புத்தகத்துக்கு என்ன எண் என்பது நான் ஒட்டிய அட்டைக்கு அடியில் இருக்கிறது என்பது பஸ்ஸில் சூலக்கரை தாண்டும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.)

திங்களன்று குழு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. நான் மூச்சு வாங்க ஓடிவந்தபோது எஸ்தர் மேடம் வாசலோரக் கணினியை அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பதிவேற்றிய பட்டியல் அது. “எந்தப் புத்தகம் வேணும்னாலும் கேளுங்க சார். ஒரே நிமிஷத்துல எடுத்துடலாம்.”

குழுவில் இருந்த ஒரு பேராசிரியை, கரிம வேதியியல் பற்றிய ஒரு புத்தகத்தைக் கேட்டார். மேடம் தட்டினார். ‘நான்காம் அலமாரி, மூன்றாம் தட்டு, உள்ளது’ என்றது கணினி. எல்லாரும் நான்காம் அலமாரிக்குப் போனார்கள்.

அங்கே மூன்றாம் தட்டு முழுக்கப் பட்டாசுப் பெட்டி. இரண்டாம் தட்டும் அப்படியே. நான்காம் தட்டும் அப்படியே. பெயர் இல்லை, எண் இல்லை. இரண்டு மூக்குக் குழந்தைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

குழுத் தலைவர் ஒரு புத்தகத்தைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். “வெடிக்காதே?”

எஸ்தர் மேடம் என் பக்கம் திரும்பிய பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் ஓடினால் அந்தக் கட்டு என்றைக்கும் கிடைக்காது. “நான் எடுத்துத் தாரேன் மேடம்,” என்று தரையில் உட்கார்ந்து முதல் புத்தகத்தைத் திறந்தேன். கனிம வேதியியல். அடுத்தது பகுப்பாய்வு வேதியியல். அடுத்தது தலைகீழாக இருந்தது. அதற்கு அட்டையே தலைகீழாகப் போட்டிருந்தேன். பத்து, இருபது, முப்பது. நாற்பத்தாறாவது புத்தகத்தில் அது கிடைத்தது. எழுந்து இரண்டு கையாலும் நீட்டினேன். பேராசிரியை வாங்கிக்கொண்டு, “நல்ல பிடிவாதம்மா உனக்கு,” என்றார். அது பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர்கள் போன பிறகு மேடம் கூப்பிட்டார். “எத்தனை சொன்னேன்?”

“நாப்பது மேடம்.”

“எத்தனை போட்ட?”

“முன்னூத்திப் பன்னெண்டு மேடம்.” (எண்ணைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.)

“உனக்குக் கட்டு கிடையாது. போட்டவளே பிரிச்சிட்டுப் போ!”

அழுதேன். அடுத்த நாள் ஈரத்துணியோடு வந்தேன். அப்பா சொன்னது உண்மை, பசை அசையவில்லை. தினமும் வகுப்பு முடிந்து ஒன்றரை மணி நேரம், நனைத்து, சுரண்டி, எண்ணைக் கண்டுபிடித்து, புதுச்சீட்டு எழுதி ஒட்டினேன். ஐந்து வாரம் ஆயிற்று. எந்த ஒட்டு எப்போது இளகும் என்று காத்திருக்கிற நேரத்தில் பக்கத்தில் இருந்த புத்தகத்தைப் படித்தேன். வேறென்ன செய்வது? அந்தப் பருவத்தில் ஒரு அரியரும் விழவில்லை, பழையதும் தேறிவிட்டது. அம்மா ஜாதகத்தைத் திரும்ப உள்ளே வைத்தார்.

குழுவின் அறிக்கையும் வந்தது. நூலகப் பராமரிப்பில் மாணவர்கள் காட்டும் ஈடுபாடு பாராட்டத்தக்கது என்று அதில் ஒரு வரி. மேடம் அதை என்னிடம் படித்துக் காட்டிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த பருவம் எனக்குப் புத்தகக் கட்டு கிடைத்தது. மேலே ஒரு சீட்டு: ‘செல்வி, அட்டை போடாதே.’

இந்தக் கதையை எங்கள் வீட்டில் தெரியாதவர் கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்தவரிடம் அப்பாவே ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிட்டார். அவர் அதற்குப் பிறகும் சம்மதித்தார் என்பது அவருடைய துணிச்சல். போன வாரம் மகள் பள்ளியில் விழா என்று முறுக்குச் சுட உட்கார்ந்தேன். எண்ணெய்ச் சத்தம் ஓயாததைக் கேட்டுக் கூடத்திலிருந்து கணவர் கேட்டார்: “செல்வி, எத்தனை சொன்னாக?”

“நாப்பது!” என்றேன். நாற்பதை எப்போதோ தாண்டிவிட்ட தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அடுத்த ஈட்டுக்கு மாவை அச்சில் நிரப்பிக்கொண்டே.